அளக்கும் கையும் அதன் விரல்நுனியும்

பூக்கடையில் மல்லிகைச் சரம் வாங்கும்போது கடைக்காரரின் கையைக் கவனியாதார் உளரோ? முழங்கை மூட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். நீண்ட கையுடையவர் அளந்தால் வாங்குவோர்க்கு ஆதாயம். குறுங்கையர் அளந்தால் விற்போர்க்கு ஆதாயம். இஃது எல்லாரும் அறிந்ததே. ஆனால் இவ்வளவையில் மற்றொரு நுட்பமும் உண்டு. சரம் விரலின் நுனியில் முடிகின்றதா, முதற் கணுவில் முடிகின்றதா என்பதைப் பொறுத்தும் முழம் ஓரங்குலம் கூடும், அல்லது குறையும். கை எத்துணை நேர்மையானதாயினும், அதன் நுனி எவ்விடத்தில் முடிகின்றது என்பது தெளிவாகாதவரையில் அளவு தெளிவாகாது. இக்காலத் தொழிற்கூடங்களில் உலோகத்தாலும் கரிம இழையாலும் ஆன ஒரு கை அளவெடுக்கின்றது. அதற்கும் இதே தொல்லை உண்டு. அக்கையின் நுனியைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவரை ஒரு தொழிற்கூடத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். வானூர்திக்கு வேண்டிய உறுப்புகளைக் கடைந்தும் துளையிட்டும் தரும் கூடம் அது. அங்குத் தரக்கட்டுப்பாட்டுப் பகுதியில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் என்னிடம் படித்தவர். அவர் அக்கருவியைக் காட்டி, பிள்ளைகளுக்கு விளங்குமாறு ஒரு சிறு சோதனையும் செய்து காட்டினார். பிள்ளைகள் கருவியின் தோற்றத்தைக் கண்டு வியந்தனர். எனக்கோ அச்சோதனை அன்றிரவு உறக்கத்தைக் கெடுத்தது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் பெயர்கள். தொழிற்கூடத்தார் இதனைப் ‘போர்ட்டபிள் மெஷரிங் ஆர்ம்’ என்பர். பேச்சு வழக்கில் வெறும் ‘ஆர்ம்’. எடுத்துச் செல்லத்தக்க அளவைக்கை என்று நாம் கூறலாம். அதன் நுனியில் பொருத்தும் உறுப்பு ‘புரோப்’. தொடுவதே அதன் தொழிலாதலின் தொடுமுனை என்று இங்கு வழங்குகின்றேன். இதனினும் பொருத்தமான சொல்லை அறிந்த ஆசிரியர்கள் எடுத்துரைப்பின் மகிழ்ந்து ஏற்றுக்கொள்வேன். ‘கேலிபிரேஷன்’ என்பதை அளவுத்திருத்தம் என்று எழுதுவது இன்று வழக்காகிவிட்டது. அளவியலார் இங்கு ஒரு வேறுபாடு காண்பர். தெரிந்த ஓர் அளவோடு கருவியை ஒப்பிட்டு, எவ்வளவு விலகுகின்றது என அறிவது ஒன்று. அறிந்தபின் கருவியைச் சரிப்படுத்துவது வேறொன்று. கேலிபிரேஷன் என்பது உண்மையில் முன்னதையே குறிக்கும். தொடுமுனையைப் பொறுத்தவரை ஒப்பிட்டு அறிந்ததைக் கணிப்பொறி உடனே ஏற்றுக்கொண்டு விடுவதால் இரண்டும் ஒன்றாகவே நிகழ்கின்றன. ஆகவே வழக்குச் சொல்லையே நானும் கைக்கொள்கின்றேன்.

இனி, கை எவ்வாறு அளக்கின்றது என்பதைக் காண்போம். அதன் அடிப்பகுதி ஒரு மேசையிலோ முக்காலியிலோ அசையாதவாறு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து தோள், முழங்கை, மணிக்கட்டு என நம் கையைப் போன்றே மூட்டுகள் அமைந்திருக்கின்றன. தொட்டு அளப்பதற்கு ஆறு சுழற்சிகள் போதும். ஒளிவருடியைத் தாங்கும் கைகளுக்கு ஏழாவதும் உண்டு. மூட்டுகளை இணைப்பவை இலேசான, விறைப்பான குழல்கள். ஒவ்வொரு மூட்டினுள்ளும் அது எவ்வளவு திரும்பியுள்ளது என்பதை உணரும் ‘என்கோடர்’ எனும் கோண உணரி இருக்கின்றது. குழல்களின் நீளம் முன்பே தெரியும். கோணங்களை அக்கணமே உணரிகள் தெரிவிக்கின்றன. நீளமும் கோணமும் தெரிந்தால் முனை எங்குள்ளது என்பதை முக்கோணவியலால் கணித்துவிடலாம் அன்றோ? அதனைக் கணிப்பொறி செய்கின்றது. அளப்பவர் கையைப் பிடித்து நடத்திச் சென்று, பொருளின்மீது முனையை வைத்து, பொத்தானை அழுத்துகின்றார்.

இங்கு வேண்டப்படும் நுட்பம் எத்தகையது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. ஒரு மீட்டர் நீட்டிய கையின் அடிமூட்டில் ஒரே ஒரு விகலை தவறினால், நுனி ஏறத்தாழ 5 மைக்ரோன் இடம் பெயரும். மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்துணை நுட்பமாகக் கோணம் அறியும் கருவியின் விரல்நுனியில், திருகாணி கொண்டு மாட்டிய ஒரு சிறு தண்டும் உருண்டையும் இருக்கின்றன. விலையுயர்ந்த கையின் பெருமை முழுவதும் அந்த மலிவான நுனியைச் சார்ந்தே நிற்கின்றது.

இக்கருவிகளின் பிறப்பைப் பற்றி ஒரு செய்தி என் ஆர்வத்தைத் தூண்டியது. கையும் சரி, தொடுமுனையின் ஒருவகையும் சரி, வளைந்த குழாய்களை அளக்கும் தேவையிலிருந்தே தோன்றின. 1970களில் ஹோமர் ஈட்டன் என்னும் அமெரிக்கர், வளைத்த குழாய்களின் திசையையும் வளைவையும் அறிய மூட்டுக்கை அமைப்புகளை உருவாக்கினார். 1972இல் இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் மெக்மர்ட்ரி, கான்கார்ட் வானூர்தியின் ஒலிம்பஸ் எந்திரத்திற்குரிய எரிபொருள் குழாய்களை அளக்க வேண்டியிருந்தது. மெல்லிய குழாயை விறைப்பான முனையால் தொட்டால் அதுவே குழாயை அழுத்தித் தள்ளி அளவைக் கெடுத்துவிடும். ஆதலின், தொட்ட கணத்திலேயே சுருள்வில்லால் சற்றுப் பின்வாங்கி மின்குறிப்பு அனுப்பும் முனையை அவர் ஆக்கினார். அடுத்த ஆண்டில் ஜான் டியருடன் சேர்ந்து ரெனிஷா நிறுவனத்தை அவர் நிறுவியதும் அதன் பயனே. இன்று அளவைக்கைகளில் விறைப்பான முனையும் உண்டு, இத்தகைய உணர்முனையும் உண்டு.

இப்போது சோதனைக்கு வருவோம்.

தொடுமுனையின் நுனியில் இருப்பது கூர்முள் அன்று, ஓர் உருண்டை. 3 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் விட்டமுடையவை பெருவழக்கு. கூர்முனைகளும் உள்ளன, ஆனால் அவை கீறிய கோட்டையும் குறித்த புள்ளியையும் தொடுவதற்கே பயன்படும், விரைவில் மழுங்கியும் போகும். உருண்டை பொருளை எப்பக்கத்தால் தொட்டது என்பது கணிப்பொறிக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது உருண்டையின் நடுப்புள்ளி மட்டுமே. ஆகவே அது நடுப்புள்ளிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பின்னர் உருண்டையின் ஆரத்தைக் கூட்டியோ கழித்தோ பொருளின் உண்மையான பரப்பை அறிகின்றது. எப்பக்கம் கூட்டுவது? பல மென்பொருள்களில், தொட்டபின் முனையை எத்திசையில் விலக்கி எடுக்கின்றோமோ அத்திசை கொண்டு அது முடிவு செய்கின்றது. அளப்பவர் கவனமின்றிப் பக்கவாட்டில் இழுத்தால் திருத்தம் தவறான திசையில் போய்விடும்.

அவ்விளைஞர் 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஓர் எஃகு வளையத்தை எடுத்தார். 6 மில்லிமீட்டர் உருண்டையால் அளந்தார். 50 என வந்தது. பிறகு கணிப்பொறியிடம், “இப்போது மாட்டியிருப்பது 3 மில்லிமீட்டர் உருண்டை” என்று வேண்டுமென்றே பொய்யுரைத்தார். உருண்டையை மாற்றவில்லை. மீண்டும் அளந்தார். நடுப்புள்ளிகள் வரைந்த வட்டத்தின் விட்டம் 44. முன்பு அதனோடு 6 கூட்டிய கணிப்பொறி இப்போது 3 கூட்டி, வளையம் 47 என்றது. அடுத்து, அவ்வளையத்தில் சரியாகப் பொருந்தும் முளையின் புறத்தை அளந்தார். நடுப்புள்ளி வட்டம் 56; அதில் 3 போக 53. ஒரே பொய்யினால் துளை சுருங்கிற்று, முளை பருத்தது!

“ஐயா, இன்னும் நான்கு முறை அளக்கிறேன், பாருங்கள்” என்றார். அளந்தார். நான்கு முறையும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் முன்பின்னாக அதே 47. அதன்பின் ஒரு தகட்டில் இருந்த இரு துளைகளின் நடுப்புள்ளிகளுக்கிடையே உள்ள தொலைவை அளந்தார். அது மட்டும் பிசகின்றிச் சரியாக வந்தது! ஏனெனில் இரு துளைகளும் ஒரே அளவு சுருங்கினாலும் அவற்றின் நடுப்புள்ளி நகர்வதில்லை. ஒரே பக்கம் நோக்கிய இரு படிகளின் உயர வேறுபாடும் இவ்வாறே தவறாமல் வரும். எதிரெதிர் நோக்கிய பக்கங்களை அளந்தால்தான் பொய் வெளிப்படும். ஆகவே, கருவி சரியாக இருக்கின்றதா என்று பார்க்க ஒருவர் துளைத் தொலைவை மட்டும் அளந்து மன நிறைவு கொள்வாராயின், அவர் ஏமாந்தவரே.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சோதனைத்தாள் ஆக்கம் பயின்றபோது நம்பகத்தன்மை, ஏற்புடைமை என இரண்டைப் பிரித்துக் கற்பித்தனர். பலமுறை தேர்வு வைத்தாலும் ஒரே விடை வருவது நம்பகத்தன்மை. அளக்க வேண்டியதையே அளப்பது ஏற்புடைமை. முன்னது இருந்து பின்னது இல்லாமற் போகலாம் என்று விரிவுரையாளர் சொன்னதை எழுதி வைத்தோமே தவிர, அதனைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

என் உறக்கத்தைக் கெடுத்தது இதுவன்று, ஒரு வாளி. என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். நான் சிறுவனாக இருந்த 1970களில், பாலை வாளியோடு நிறுத்து, வாளியின் எடையைக் கழித்து, எஞ்சியதைக் கிராணியார் ஏட்டில் பதிவார். ஒருமுறை பழைய கனத்த இரும்பு வாளிகளை நீக்கி இலேசான புதிய வாளிகள் கொடுத்தனர். கழிக்கும் எடையை மட்டும் எவரும் மாற்றவில்லை. ஒவ்வொரு வாளிக்கும் அரைக் கிலோ அளவில் பால் காணாமற் போயிற்று. ‘நிறை குறைகிறது’ என்று சொன்னவர்க்கு, மீண்டும் நிறுத்துக் காட்டினர். மீண்டும் அதே எடைதான் வந்தது. தராசு நல்ல தராசு. கிராணியாரும் பொய்யர் அல்லர். சில வாரம் கழித்து யாரோ ஒருவர் வெறும் வாளியைத் தூக்கித் தராசில் வைத்துக் கணக்குப் பார்க்கச் சொன்னார். வெறும் வாளி அரைக் கிலோ கடன்பட்டிருந்தது! அன்று முதல் திருத்தினர்; கழிந்த வாரங்களின் கூலி திரும்பவில்லை. உருண்டையின் ஆரம் என்பது அந்த வாளியின் எடைதான்.

தொழிற்கூடத்திலும் இதனால் மனிதர் துன்புறுகின்றனர். அவ்விளைஞர் முன்பு பணியாற்றிய வேறொரு கூடத்தில், துளைகள் சிறுத்துவிட்டன என்று கடைசல் இயந்திரத்தில் நின்றவர் இரண்டு நாள் பழி சுமந்தார். பிழை தொடுமுனையில் இருந்ததென மூன்றாம் நாளே தெரிந்தது. 3 மில்லிமீட்டர் தவறினால் எவர் கண்ணுக்கும் படும். உண்மையில் நேர்வது அதுவன்று. உருண்டை ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். திருகு முழுதும் இறுகியிராது. திருகின் அடியில் ஓர் உலோகத் துகள் சிக்கியிருக்கும். கீழே விழுந்த முனையைச் சொல்லாமல் எடுத்து மாட்டியிருப்பார்கள். இவை தரும் பிழை 0.03, 0.05 மில்லிமீட்டர் போன்றது. அதுவே ஒரு நல்ல உறுப்பைக் கழிவுத் தொட்டிக்கும், கெட்ட உறுப்பை வானூர்திக்கும் அனுப்பப் போதுமானது.

இனி, அளவுத்திருத்தம் செய்யும் முறை. கணிப்பொறி அறிய வேண்டியவை இரண்டு. கடைசி மூட்டிலிருந்து உருண்டையின் நடுப்புள்ளி எத்திசையில் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது ஒன்று. உருண்டையின் விட்டம் எவ்வளவு என்பது மற்றொன்று.

முன்னதை அறியக் கூம்புக் குழி ஒன்று போதும். அசையாமல் பொருத்திய குழியில் உருண்டையை அமர்த்தி, கையை மட்டும் இடமும் வலமும், மேலும் கீழும், முழங்கையைப் புரட்டியும் பல நிலைகளில் புள்ளி எடுக்க வேண்டும். உருண்டை அசையவில்லை, ஆதலின் எல்லா நிலைகளிலும் விடை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். சிதறினால், சிதறல் மிகக் குறையும் இடம் எதுவோ அதுவே உண்மையான நடுப்புள்ளி என்று கணிப்பொறி முடிவு கட்டுகின்றது. இங்கு முழங்கையைப் புரட்டுதலே உயிர்நிலை. கையை ஒரே பாங்கில் வைத்து நூறு முறை அளந்தாலும் பிழை ஒளிந்துகொள்ளும். எதிர்ப்பக்கம் புரட்டிய உடனே இருமடங்காகி வெளிப்படும். தச்சர் ரசமட்டத்தை ஒருமுறை வைத்துப் பார்த்தபின் முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பார்ப்பதும் இதன்பொருட்டே.

ஆனால் கூம்புக் குழி விட்டத்தைச் சொல்லாது. தேய்ந்த உருண்டையும் குழியில் நன்றாகவே அமரும். விட்டத்தை அறிய வேண்டின் ஒப்புக்கோளம் தேவை. விட்டம் நுட்பமாகத் தெரிந்த ஒரு கோளத்தின் மேல் உச்சியிலும் நடுவிலும் சுற்றிலுமாகப் பல இடங்களில் தொட்டால், நடுப்புள்ளிகள் சற்றுப் பெரிய ஒரு கோளத்தை அமைக்கும். அதன் விட்டத்திலிருந்து ஒப்புக்கோளத்தின் விட்டத்தைக் கழித்தால் எஞ்சுவது உருண்டையின் செயல்விட்டம். அஃது உறைமேல் அச்சிட்ட எண்ணிலிருந்து சிறிது மாறலாம். தண்டின் வளைவும் தொடும் அழுத்தமும் அதனுள் அடங்கியிருப்பதே காரணம். பலர் குழியில் திருத்திவிட்டு, விட்டத்துக்கு உறையிலுள்ள எண்ணை எழுதி முடித்துவிடுகின்றனர். அது பாதி வேலை என்பது என் துணிபு. அமெரிக்கத் தரநூலான பி 89.4.22, 2004இல் வெளிவந்தபோது, செயல்விட்டச் சோதனை, ஒரே புள்ளியில் கையைப் புரட்டும் சோதனை, வெவ்வேறு இடங்களில் தெரிந்த நீளத்தை அளக்கும் சோதனை என மூன்றையும் தனித்தனியே வகுத்தது. 2016இல் வந்த உலகத் தரநூல் ஐ.எஸ்.ஓ. 10360-12ம் இவ்வகைச் சோதனைகளையே விரிவாக்கிற்று. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதாலன்றோ இப்பிரிவு!

முனையைத் தேர்வதில் தொழிலறிந்தோர் சொல்வது சுருக்கமானது: குட்டையாக, விறைப்பாக, இணைப்புகள் குறைவாக, உருண்டை இயன்றவரை பெரிதாக. தண்டின் நீளம் இருமடங்கானால், அதே அழுத்தத்துக்கு அதன் வளைவு எட்டு மடங்காகும். தண்டு இருமடங்கு பருத்தால் வளைவு பதினாறில் ஒன்றாகும். விறைப்பான முனையைக் கையாள்பவர் ஒருவர் மெல்லத் தொடுவார், மற்றொருவர் அழுத்துவார். நீண்ட தண்டு அவ்விருவரின் குணத்தையும் அளவில் காட்டிவிடும். ஆழத்துக்குச் செல்லவே வேண்டுமாயின் டங்ஸ்டன் கார்பைடு அல்லது கரிம இழைத் தண்டு நன்று. பெரிய உருண்டையால் இரு நன்மை உண்டு. தண்டின் பக்கம் துளையின் விளிம்பில் உரசாது. பரப்பின் சிறு சொரசொரப்புகளுக்குள்ளும் இறங்காது. ஆயின் சிறு துளைக்குள்ளும் ஒடுங்கிய மூலைக்குள்ளும் அது நுழைய முடியாது. அவ்விடத்தில் சிறியதை மாட்டித்தான் ஆக வேண்டும். மாட்டியபின் திருத்தமும் செய்துதான் ஆக வேண்டும்.

உருண்டைக்கு ஏற்ற பொருள் பெரும்பாலும் செயற்கை மாணிக்கம். பிரெஞ்சு வேதியியலார் வெர்னேய் 1902இல் வெளியிட்ட உருக்குமுறையால் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய இக்கல், கைக்கடிகாரங்களின் அச்சுகளைத் தாங்குவதும் ஆகும். வைரத்துக்கு அடுத்த கடினமுடையதாயினும் அதற்கும் பகை உண்டு. அலுமினியப் பரப்பில் தொடர்ந்து தேய்த்துச் சென்றால் அலுமினியம் அதன்மேல் அப்பிக்கொள்ளும்; அங்குச் சிலிக்கான் நைட்ரைடு சிறந்தது. வார்ப்பிரும்பின்மேல் தேய்த்துச் செல்வதற்குச் சிர்க்கோனியாவைக் கொள்வர். தொட்டுத் தொட்டு எடுப்பதாயின் மாணிக்கமே போதும்.

நம் நாட்டார் மறக்கக் கூடாதது வெப்பம். நீளங்களெல்லாம் 20 பாகைச் செல்சியசில் உள்ளவாறு கூறப்பட வேண்டும் என்பது 1931இல் உலக அளவில் ஏற்கப்பட்ட விதி. நம் பட்டறையில் 30 பாகை இருந்தால், ஒரு மீட்டர் எஃகு ஏறத்தாழ 0.115 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அலுமினியம் அதன் இருமடங்கு நீளும். கை தன் வெப்பத்தைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும். அளக்கப்படும் பொருளின் வெப்பத்தை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

எல்லாம் கேட்டபின் எங்கள் பள்ளிச் சிறுவன் ஒருவன், “அந்தக் கோளத்தை யார் அளந்தது?” என்றான். அளந்த ஆய்வகத்தின் சான்றிதழை இளைஞர் காட்டினார். “அந்த ஆய்வகத்தை?” என்றான். மலேசியாவில் சிப்பாங்கிலுள்ள தேசிய அளவியல் நிறுவனமும் சிங்கப்பூரில் தேசிய அளவியல் மையமும் இத்தகைய சங்கிலியின் மேற்கண்ணிகள். அதற்கும் மேலே, 1983 முதல், ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தொலைவே மீட்டர். சிறுவன் அதன்பின் கேட்கவில்லை.

பள்ளிக்குத் திரும்பியபின் இதனைச் செலவின்றி வகுப்பில் செய்து பார்த்தோம். அட்டையில் வட்டத்தட்டு வெட்டி நடுவில் துளையிட்டு, துளையில் பென்சிலை நுழைத்து, தாளின்மேல் கவிழ்த்த பால் டின்னைச் சுற்றித் தட்டை உருட்ட வேண்டும். பென்சில் வரைவது டின்னைவிடப் பெரிய வட்டம். தட்டின் ஆரம் சொல்லாமல் டின்னின் விட்டத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னேன், முடியாதென்றனர். சொன்னபின் கண்டுபிடித்தனர். ஒரு சிறுமியின் வட்டம் மட்டும் நெளிந்து நெளிந்து வந்தது. ஏனென்று கேட்டேன். அவள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “துளை நடுவில இல்லைங்க ஐயா” என்றாள்.